அந்த அரை வினாடி

மெர்லிமாவ் ஆலை வாசலில் காரை நிறுத்திக் கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் வந்து மோதியது. வேகவைத்த செம்பனைக் குலையின் வாடை. இனிப்பும் புளிப்புமாகத் தொண்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் கூடவே வருமே, அதேதான். இதற்குப் பயந்து நீ கைப்பையில் எப்போதும் புளிப்பு மிட்டாய் வைத்திருப்பாய். எனக்கு ஒன்று கொடுத்துவிட்டு நீ இரண்டைப் போட்டுக்கொள்வாய். கேட்டால், "நான்தான லா மெர்லிமாவ்காரி, எனக்குத்தான் இந்த வாடை ரொம்ப வருஷப் பழக்கம், அதான் வெறுப்பும் ஜாஸ்தி" என்பாய். இந்த முறை என்னிடம் மிட்டாய் இல்லை.

எடைமேடைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன அறைக்குள் போனேன். கணினித் திரை வெளிறிப்போய், மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று போட்டுக்கொண்டு நின்றது. லாரி எடை போட்டுச் சீட்டுத் தரும் நம் நிரல்தான். நீயும் நானும் எழுதியது. வெளியே குலை ஏற்றிய லாரிகள் பெரிய சாலை வரைக்கும் நின்றிருந்தன. எடைக் கணக்கு எழுதும் கிராணி ஃபரிடா, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். தான் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் கேட்பதற்கு முன்பே மலாயில் சொன்னாள். மேனேஜர் என்னைக் கதவுக்கு வெளியே கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரீத்தா, புது எடைமேடை போட்டதுல இருந்து இந்தத் தொல்லைதான். இந்தப் பொண்ணு வேலை நேரத்துலதான் ஹேங் ஆகுது. போன தடவை மாதிரியே ஒரு ரிப்போர்ட் குடுத்துடுங்க லா. நான் ஆள மாத்திடுறேன்."

போன தடவை மாதிரியே. ஏழு வருடம் கழித்து அந்த வாக்கியத்தை அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார், தெரியுமா? அந்த ரிப்போர்ட் என்னவென்று தெரிந்தவர்கள் மூன்று பேர். அதில் நீ இப்போது இல்லை. மேனேஜருக்கு அது ஒரு கோப்பு. மிச்சம் நான்தான்.

உனக்கு இதெல்லாம் தெரிந்த கதை. ஆனாலும் உன்னிடம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நான் இதுவரை ஒரு முறைகூட முழுதாகச் சொன்னதில்லை. கோயிலில் ஃபாதரிடம் பாதி சொல்லியிருக்கிறேன். அவரிடம் சொல்வது சுலபம், அவருக்கு எடைமேடை பற்றி ஒன்றும் தெரியாது.

மலாக்கா டவுனில், டயர் கடைக்கு மேல்மாடியில், நமக்கு இருந்தது ஒரே அறை. எதிரெதிரே இரண்டு மேசை. கீழே டயர் கழற்றும் சத்தம் கேட்டால் நீ நிரலில் தவறு கண்டுபிடிப்பாய், சத்தம் நின்றால் தூங்கிவிடுவாய் என்று நான் கேலி செய்வேன். நான் புலாவ் செபாங்கில் ரயில் சத்தத்தில் வளர்ந்தவள், அமைதியில்தான் எனக்கு வேலை ஓடும். எடைமேடை அறையில் ஓடும் பகுதியை நான் எழுதினேன். அலுவலகத்தில் இருந்த சர்வர் பகுதியை நீ எழுதினாய். என் பகுதியை நீயும் உன் பகுதியை நானும் சோதித்தோம். இரண்டும் தனித்தனியே தங்கமாக ஓடின. ஆலையில் போட்டு மூன்றாவது வாரம், எப்போதாவது ஒரு தடவை, எடை போடும்போது திரை அப்படியே உறைந்து நின்றது. அணைத்துப் போட வேண்டும். மேடையில் நிற்கும் லாரியைப் பின்னால் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் டிரைவர்கள் ஹாரன் அடித்தே நம் மானத்தை வாங்கினார்கள்.

அப்போது அங்கே கிராணியாக இருந்தவர் பத்மா அக்கா. ஒல்லியான உடம்பு, காதோரம் நரை, மேசையில் எப்போதும் மூடி போட்ட மீலோ குவளை. கணினி வருவதற்கு முன்பு பல வருடம் கையால் சீட்டு எழுதி எடை போட்டவர். இன்னொரு கிராணியும் இருந்தார். அவர் முறையில் நிரல் ஒரு நாளும் நின்றதில்லை. பத்மா அக்கா முறையில் மட்டும்தான் நின்றது. நேரம் குறித்து வைத்திருந்த மேனேஜர் அந்தத் தாளை நம் முன்னால் தள்ளியது ஞாபகம் இருக்கிறதா?

மூன்று தடவை போய் அவர் பின்னால் நின்று பார்த்தோம். மூன்று தடவையும் ஒன்றும் ஆகவில்லை. "வாங்கம்மா, உக்காருங்க" என்று நமக்கு நாற்காலி போட்டார். மீலோ கலக்கித் தந்தார். ஒவ்வொரு லாரிக்கும், "இங்க நம்பர் போடுறேன், பாருங்க. டிரைவர் சீட்டு வாங்கிக்கிறேன். எடை நின்னுடுச்சா, நின்னுடுச்சு. இப்ப என்டர்" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். நாமும் தலையாட்டிக் குறித்துக்கொண்டோம். நாம் திரும்பி மெர்லிமாவ் கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் போன் வந்தது, மறுபடி நின்றுவிட்டது என்று.

நீ காரில் மெதுவாகச் சொன்னாய்: "மிஷினும் பொய் சொல்லல, அந்த அக்காவும் பொய் சொல்லல. நாம என்னமோ பார்க்கல டி."

நான் கேட்கவில்லை. அந்தக் கம்பெனியின் இன்னும் இரண்டு ஆலைகளுக்கும் நம் நிரலையே போடுவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. நம் ரிப்போர்ட்டுக்காகத்தான் காத்திருந்தார்கள். நான் எழுதினேன்: 'நிரலில் கோளாறு இல்லை. கையாளுபவரின் தவறான பயன்பாடே காரணம்.' இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். நீ ஒரு நாள் முழுக்கப் பேனாவைத் தொடவில்லை. நான் கத்தினேன். வாடகை, உன் அம்மாவின் மருந்து, என் தம்பியின் படிப்பு, எல்லாவற்றையும் இழுத்தேன். கடைசியில் நீ என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாய். அந்தக் கையெழுத்தை நான்தான் போட வைத்தேன். உன் பங்கென்று அதில் ஒன்றுமில்லை.

பத்மா அக்காவை ராம்புக்கு மாற்றினார்கள். லாரிகள் குலையைக் கொட்டும் சரிவு அது. அங்கே வெயிலில் குனிந்து உதிரிப் பழம் பொறுக்கிச் சாக்கில் போடும் வேலை. அதன் பிறகு திரை ஒரு தடவைகூட உறையவில்லை. என் ரிப்போர்ட் சரி என்று ஆலையே சாட்சி சொன்னது போல ஆகிவிட்டது. நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். பொய் சொல்ல விரும்பவில்லை, அந்த நாட்களில் நன்றாகவே சாப்பிட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை நீ பையைக்கூடக் கீழே வைக்காமல் என் முன்னால் வந்து நின்றாய். முந்தைய நாள் உங்கள் ஊர்க் கோயில் அன்னதானத்துக்குப் போயிருக்கிறாய். வாசலில் குடும்பப் பேரும் ஆள் கணக்கும் எழுதி டோக்கன் தரும் மேசையில் பத்மா அக்கா. ஆட்கள் செருப்பைக் கழற்றும்போதே அவர் பேரை எழுதி முடித்துவிடுகிறார். மேசைக்கு வந்து சேரும்போது டோக்கன் நீட்டியபடி இருக்கிறது.

"லாரியையும் அப்படித்தான் டி செஞ்சிருப்பாங்க! வளைவுல திரும்புறப்பவே எந்த லாரின்னு தெரிஞ்சு நம்பரை அடிச்சு வச்சிருப்பாங்க. சக்கரம் நின்னதும் என்டர். எடை இன்னும் ஓடிக்கிட்டு இருக்கும். நம்ம முன்னாடி மட்டும் ஏன் மெதுவா அடிச்சாங்க தெரியுமா? மரியாதை. படிச்ச பிள்ளைங்க வந்து குறிப்பு எடுக்குதேன்னு நிறுத்தி நிதானமா செஞ்சு காட்டுனாங்க."

நீயே உட்கார்ந்து அடித்துக் காட்டினாய். எண்ணை முன்கூட்டியே அடித்து வைத்தாய். எடை அசைந்துகொண்டிருக்கும்போதே என்டர். முதல் தடவையே திரை வெளிறி நின்றது. மூன்று தடவை போய் நாம் தேடியது இரண்டு விரல் வேகத்தில் இருந்தது.

வெள்ளைத் தாளில் படம் போட்டு விளக்கினாய். நிரலுக்குள் இரண்டு வேலைகள் தனித்தனி த்ரெட்டாக ஓடுகின்றன. ஒன்று திரையைப் பார்த்துக்கொள்கிறது, இன்னொன்று எடைமேடையைப் பார்த்துக்கொள்கிறது. என்டர் அடித்ததும் திரை வேலை சர்வரிடம் சீட்டு எண் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அசையாமல் நிற்கிறது. எடையைச் சொன்னால்தான் சீட்டு எண் என்று சர்வர் மேடை வேலையைக் கேட்கிறது. மேடை வேலையோ, ஓடுகிற எடையை முதலில் திரையில் எழுதிவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்று திரை வேலைக்காக நிற்கிறது. எடை அடங்கிய பிறகு என்டர் அடித்தால் திரையில் எழுத ஒன்றுமில்லை, எல்லாம் சரியாகப் போகும். அடங்குவதற்கு முன்பு அடித்தால் ஒருவருக்காக ஒருவர் நின்றுகொண்டே இருப்பார்கள்.

"கல்யாண மண்டபத்து வாசல்ல ரெண்டு சம்பந்தியும் 'நீங்க முதல்ல', 'இல்ல இல்ல, நீங்க முதல்ல'ன்னு நிப்பாங்களே, அது மாதிரி" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. நீ சிரிக்கவில்லை. தவறு என் பகுதியில் இருந்தது. திரையைக் காத்திருக்க வைத்தது நான் எழுதிய ஆறு வரி.

நிரலைத் திருத்திவிட்டு, ரிப்போர்ட்டையும் திருத்திக் கொடுத்துவிடலாம் என்றாய். நான் நிரலை மட்டும் என்றேன். "ரெண்டும் சேர்ந்துதான் ரீத்தா. இல்லாட்டி நான் தொடமாட்டேன்" என்று எழுந்து போனாய். அதற்குள் மற்ற இரண்டு ஆலைகளிலும் நிரல் ஓடத் தொடங்கியிருந்தது. நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். எல்லாவற்றையும் பிரித்து ஒழுங்காக எழுத ஒரு வாரம் ஆகும், எதற்கு இந்தத் திடீர் மாற்றம் என்று மேனேஜர் கேட்பார். அதனால் ஒரே ஒரு வரி போட்டேன். என்டர் அடித்ததும் அரை வினாடி சும்மா இரு, பிறகு சர்வரைக் கேள். அந்த அரை வினாடியில் எடை அடங்கிவிடும். யார் எவ்வளவு வேகமாக அடித்தாலும் நிற்காது. வழக்கமான புதுப்பிப்பு என்று சொல்லி மூன்று ஆலைகளிலும் போட்டுவிட்டேன்.

நீ அதைப் பார்த்துவிட்டு, "இது உடையும்" என்று மட்டும் சொன்னாய். அதற்குப் பிறகு ஐந்து வருடம் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தோம். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினோம். டயர் கடைக்காரரைத் திட்டினோம். இதைப் பற்றி மட்டும் பேசவில்லை. எத்தனையோ காலை படி ஏறும்போது இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். மேசைக்குப் போனதும் முதலில் ஒரு கோப்பி குடிக்கலாம் என்று தோன்றும். இப்படித்தான் அந்த ஐந்து வருடமும் போனது. யாரும் என்னைக் கட்டிப் போடவில்லை, கதவும் திறந்துதான் இருந்தது. ஆனாலும் என்னால் வெளியே வர முடியவில்லை.

அப்புறம் உனக்கு அந்த நோய். நாலே மாதம். ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரத்தில் நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். நீ சுவரைப் பார்த்தபடி கேட்டாய்.

"அக்காகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்" என்றேன். யோசிக்கவே இல்லை, நாக்கு தானாகச் சொன்னது. ரிப்போர்ட்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டதாகக் கூடவே சேர்த்துக்கொண்டேன். நீ என் பக்கம் திரும்பி, என் முகத்தைப் பார்த்து, "சரி" என்றாய். ஒரு சுளை வாங்கிக்கொண்டாய். உனக்கு அது ஆறுதலாக இருக்கும், அதனால் பொய்யானாலும் பாவமில்லை என்று படி இறங்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உன் சாவுக்குப் பத்மா அக்கா வந்திருந்தார். வேலையிலிருந்து நேராக வந்தவர் போல, முழுக்கைச் சட்டையோடு, பெண்கள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். என்னையே பார்த்தார். நான் போன் பேசுவது போல வேன் மறைவுக்குப் போய்விட்டேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போகும்போதுகூட நான் அந்த வேனுக்குப் பின்னால்தான் இருந்தேன். இதை உன்னிடம் சொல்லாமல் விட முடியவில்லை.

இந்த முறை மேனேஜரிடம் ரிப்போர்ட் பிறகு தருகிறேன் என்று சொல்லிவிட்டு நம் அறைக்கு வந்தேன். காரணம் எனக்குத் தெரியும். புதிய எடைமேடையில் எண் அடங்க ஒரு வினாடிக்கு மேல் ஆகிறது. நான் வைத்ததோ அரை வினாடி. ஃபரிடா காலை முறைக்காரி, லாரி கூட்டம் அப்போதுதான் அதிகம், அவசரமாக அடிக்கிறாள். அவ்வளவுதான். அரையை இரண்டு என்று மாற்றினால் மறுபடி எல்லாம் அடங்கிவிடும். அதற்குத்தான் கோப்பைத் திறந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதற்குத்தான்.

நான் எழுதிய அந்த ஒரு வரிக்கு மேலே நான் எழுதாத ஒரு குறிப்பு இருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். நம் நிரல் முழுக்க நீ அப்படித்தான் குறிப்பு எழுதுவாய்.

'ரீத்தா, இது உடையிற அன்னிக்குத்தான் நீ இங்க வருவ. அக்காகிட்ட முந்தாநாளே போன்ல பேசினேன். இன்னும் ராம்புலதான் இருக்காங்க. இந்த அரை வினாடி அவங்களோடது. குடுத்துடு டி.'

எந்த நாளில் சேர்த்தது என்று பார்த்தேன். நான் ஆரஞ்சு உரித்த நாளுக்கு அடுத்த நாள். படுக்கையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, கையில் ஊசியோடு நீ இதை எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் என்னைக் கேட்கும்போதே உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு பதினோரு நாள் நான் தினமும் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீழே டயர் கடையில் ஏதோ விழுந்து உருண்டது. நான் மேசையில் தலையை வைத்து அழுதேன்.

அரையை இரண்டாக்கவில்லை. ஐந்து நாள் உட்கார்ந்து, ஏழு வருடத்துக்கு முன்பு செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். திரை வேலை இனி யாருக்காகவும் நிற்காது. சீட்டு எண் வரும்போது வாங்கிக்கொள்ளும். பிறகு ரிப்போர்ட் எழுதினேன். இரண்டு தடவையும் கோளாறு எங்கள் நிரலில், நான் எழுதிய பகுதியில் என்றும், பத்மா அக்காவின் பேரில் நான் முன்பு எழுதியது தவறு என்றும் எழுதினேன். இரண்டாவது கையெழுத்துக் கோட்டின் மேல் ஒன்றும் எழுதவில்லை. மேனேஜர் இரண்டு தடவை படித்தார்.

"அப்ப அந்த அம்மாவ நாங்க சும்மாவே மாத்திட்டோமா?"

"ஆமா சார். நான் எழுதுனதாலதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அவங்க போன வருஷம் ரிட்டயர் ஆயிட்டாங்களே" என்றார். ஃபரிடா அதே நாற்காலியில் இருக்கிறாள். மற்ற இரண்டு ஆலைகளுக்கு நம்மை இனி கூப்பிடுவார்களா என்று தெரியவில்லை.

அங்கிருந்து நேராக மெர்லிமாவ் தாமான் குடியிருப்பில் பத்மா அக்காவின் வீட்டுக்குப் போனேன். அக்கா கேட்டைத் திறந்துவிட்டு, "வாம்மா ரீத்தா" என்றார். பேரை மறக்கவில்லை. உட்காரச் சொல்வதற்கு முன்பே, வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வரும் வழியில் ஒழுங்காக யோசித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. முடித்த பிறகு அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப என் கையில கோளாறு இல்லையா?"

"இல்லக்கா."

"நான் தொட்டா மிஷின் கெட்டுப்போகும்னு நெனச்சிட்டேன்மா. பேங்க்ல அந்தக் காசு மிஷினக்கூட மகதான் அமுக்கும். போன்ல மெசேஜ் வந்தா மகள கூப்பிடுவேன். எத்தன வருஷம்!" என்றவர், கோபமா அழுகையா என்று தெரியாத குரலில், "நீ அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றார். சொல்லியிருக்கலாம். பிறகு அவரே உள்ளே கூட்டிப்போனார்.

மடிக்கணினியில் நிரலைத் திறந்து மேசையில் வைத்தேன். எடைமேடையில் ஓடுவது போலவே அதில் எண் ஓடியது. லாரி எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அடித்துப் பாருங்கள் என்றேன். அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "இங்க நம்பர் போடுறேன், பாரு. எடை நிக்கட்டும். நின்னுடுச்சு. இப்ப என்டர்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அடித்தார். வீட்டுக்கு வந்தவள் ஆயிற்றே நான்.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சமையலறைக்குப் போய் சிங்க் ஓரத்தில் நின்றுகொண்டேன். முதலில் ஒவ்வொரு விசையாகச் சத்தம் கேட்டது. பிறகு இரண்டிரண்டாக. பிறகு இடைவெளியே இல்லாமல், கடைசியில் என்டர் மட்டும் தனியாக, அழுத்தமாக. ஒன்று, இரண்டு, மூன்று என்று இருபது வரை எண்ணினேன். ஒன்றும் நிற்கவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது என் தாள் வைத்த இடத்திலேயே இருந்தது. திரையில் இருந்தவை எல்லாம் ஏழு வருடத்துக்கு முந்திய லாரி எண்கள்.

கிளம்பும்போது கேட்டில் கை வைத்துக்கொண்டு சொன்னார். "அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில இருந்து போன் போட்டுச்சு. ரீத்தா ஒரு நாள் வந்து ஒன்னு சொல்லுவா, கேட்டுக்கங்க அக்கான்னுச்சு. என்னான்னு கேட்டேன். அத அவதான் சொல்லணும்னுச்சு. ரெண்டு வருஷமா வாசல்ல கார் நின்னா எட்டிப் பார்ப்பேன்மா."

காரில் அந்த வாடை இன்னும் இருந்தது. சாலையோரக் கடையில் நிறுத்திப் புளிப்பு மிட்டாய் வாங்கினேன். இரண்டை வாயில் போட்டுக்கொண்டு மலாக்கா வரை வந்தேன்.

என் அரை வினாடி வரியை அழித்துவிட்டேன். உன் குறிப்பை அழிக்கவில்லை. அதன் கீழே இப்போது ஒன்றுமில்லை. நாளைக்கு வேறு யாராவது திறந்தால், இது எதற்கு இங்கே என்று குழம்புவார்கள். குழம்பட்டும்.

அக்காவுடையதை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். ஆனால் அன்று ஆஸ்பத்திரியில், நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்தே, என் முகத்தைப் பார்த்து நீ "சரி" என்றாயே, அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்க எந்த வாசலில் போய் நிற்பேன், சொல்.